நுவரெலியாவில் ஹை டீ: கொண்டாடப் போகிறவர்கள் செய்யக்கூடாத தவறுகள்

அப்பாவின் அறுபதாம் கல்யாணம், தங்கையின் பிறந்தநாள் என்று ஏதோ ஒரு நல்ல காரணத்துக்காக இலங்கையின் மலை ஊரான நுவரெலியாவின் பழைய ஹோட்டல் ஒன்றில் ஹை டீக்கு, அதாவது சாண்ட்விச், கேக் வகைகளோடு தேநீர் பரிமாறும் மாலை விருந்துக்குப் போகப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உதாரணத்துக்கு கிராண்ட் ஹோட்டல். இலங்கையின் ஆளுநராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் ஓய்வெடுக்கக் கட்டிய வீடு வளர்ந்து 1891இல் ஹோட்டலான இடம் அது. இப்படிப்பட்ட இடத்தில் உடை, கேக், புகைப்படம் எல்லாவற்றுக்கும் மெனக்கெடுகிறோம், ஆனால் எதற்காகப் போனோமோ அந்தத் தேநீரைத்தான் பாதிப் பேர் ஆறவிட்டுக் குடிக்கிறோம். என் பார்வையில் மற்ற எல்லாத் தவறுகளையும்விட பெரிய தவறு இதுதான்.

நடப்பது இப்படி. மூன்றடுக்குத் தட்டு மேசைக்கு வரும்போதே டீபாட்டும் வந்துவிடும். உடனே எல்லோரும் போனை எடுத்துத் தட்டைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுப்பார்கள், அப்புறம் குடும்பப் படம், அப்புறம் தாத்தா கண்ணை மூடிவிட்டார் என்று இன்னொன்று. இதற்குள் பத்து நிமிடம் ஓடிவிடும், டீபாட்டுக்குள் இலை ஊறிக்கொண்டே இருக்கும். ஊற்றிப் பார்த்தால் நிறம் கறுத்து, நாக்கைப் பிடிக்கும் துவர்ப்போடு வரும். "இவ்வளவு பெயர் வாங்கின டீ இதுதானா" என்று தேயிலையைக் குறை சொல்லிவிட்டு, அடுத்து பாலையும் சர்க்கரையையும் அள்ளிப் போடுவோம். டீபாட் வந்ததும் இலை உள்ளே இருக்கிறதா, வடிகட்டி எடுத்துவிட்டார்களா என்று பரிமாறுபவரிடம் கேளுங்கள். இலை இருந்தால் மூன்று நான்கு நிமிடத்தில் எல்லோருக்கும் ஊற்றிவிட்டு, தனியாக வெந்நீர் கேட்டு வாங்கி வையுங்கள். ஊர் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் கொதிப்பதே ஏறக்குறைய 94 டிகிரியில்தான், குளிர் வேறு, அதனால் கோப்பை சீக்கிரம் ஆறிவிடும். முதலில் குடியுங்கள், படத்தை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.

பால் விஷயமும் இதை ஒட்டியதுதான். குளிரில் மெதுவாக வளரும் கொழுந்து என்பதால் நுவரெலியாத் தேநீர் மெலிதாக, வெளிர் பொன்னிறமாக, பூ வாசனையோடு இருக்கும். டஸ்ட் டீயைப் பாலில் கொதிக்கவிட்டுக் குடித்துப் பழகிய நமக்கு முதல் வாயில் "என்ன, வெந்நீர் மாதிரி இருக்கு" என்றுதான் தோன்றும். அதில் பாலை ஊற்றினால் இருக்கிற வாசனையும் போய்விடும். முதல் கோப்பையை வெறுமனே குடித்துப் பாருங்கள், பாதிக் கோப்பைக்குள் நாக்கு பழகிவிடும். பால் இல்லாமல் முடியவே முடியாது என்கிற பெரியவர்களுக்கு இலங்கையின் மற்ற தேயிலைப் பகுதிகளான திம்புளயின் தேயிலையோ, ருகுணு பக்கத்துத் தாழ்நிலத் தேயிலையோ இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக் கொடுங்கள். ருகுணு தேயிலை நன்றாகக் கறுத்து இறங்கும், பாலைத் தாங்கும்.

சாப்பாட்டில் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் சைவம். மேசை பதிவு செய்யும்போது "வெஜ்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். கேக்கிலும் ஸ்கோன் என்கிற சின்னப் பன்னிலும் முட்டை இருக்கலாம், மூஸ் என்கிற நுரைத்த க்ரீம் இனிப்பில் விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கலாம், சாண்ட்விச்சில் தடவும் மயோனைஸில் முட்டை இருக்கலாம். இலங்கையில் இன்னொன்றும் உண்டு: சீனி சம்பல். பார்த்தால் வெங்காயத் தொக்கு மாதிரிதான் இருக்கும், பன்னுக்குள் வைத்துக் கொடுப்பார்கள், ஆனால் அதில் வழக்கமாக மாசிக் கருவாடு சேர்ப்பார்கள். விழா நாயகியான பாட்டி சுத்த சைவம் என்றால் முட்டை, ஜெலட்டின், மாசி மூன்றையும் பெயர் சொல்லி, முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். அந்த நேரத்தில் சொன்னால் சமையலறையால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, பாட்டி பழத்தைக் கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

மதியம் ஒரு கட்டு கட்டிவிட்டுப் போகாதீர்கள். காரத்தில் ஆரம்பித்து, ஸ்கோனைச் சூடு ஆறுவதற்குள் கையால் பிய்த்துச் சாப்பிட்டு, இனிப்பைக் கடைசியில் தொடுங்கள். பிள்ளைகள் இனிப்பு இருக்கும் மேல் தட்டிலிருந்து ஆரம்பித்தால் விட்டுவிடுங்கள், நல்ல நாளில் அதற்காகத் திட்ட வேண்டியதில்லை.

கண்டியிலிருந்து எண்பது கிலோமீட்டருக்கும் குறைவுதானே என்று நேரக் கணக்குப் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள், முழுக்க வளைவும் ஏற்றமும். ஏப்ரலில் புத்தாண்டுக் கூட்டமும் குதிரைப் பந்தயக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும், முன்பதிவு இல்லாமல் அந்த மாதம் போகவே வேண்டாம். பட்டுப்புடவைக்கு மேலே போட ஒரு ஸ்வெட்டர் கட்டாயம், மாலையில் பனிமூட்டம் இறங்கினால் புல்வெளியில் வயதானவர்களால் உட்கார முடியாது. உள்ளே மேசை வேண்டும் என்று முன்பே கேட்டு வையுங்கள்.

இன்னொரு தவறு எனக்கு மனசைக் கஷ்டப்படுத்துவது. வழியில் வேனை நிறுத்தி, கொழுந்து பறிக்கிற பெண்களை ஒரு வார்த்தை கேட்காமல் படம் எடுப்பது. 1869க்குப் பிறகு இலை நோய் வந்து காப்பித் தோட்டங்கள் அழிந்து, அந்த மலைகளெல்லாம் தேயிலைக்கு மாறியபோது அதை வளர்த்தெடுத்த கைகள் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களுடையவை. இன்றும் அந்த மலையில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் அவர்கள் வழி வந்தவர்கள். வணக்கம் சொல்லி, பேசி, படம் எடுக்கலாமா என்று தமிழிலேயே கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஹோட்டலிலும் அப்படித்தான், ஆங்கிலத்தில் தடுமாறாமல் தமிழில் பேசிப் பாருங்கள். டீபாட்டில் இருப்பது எந்தத் தோட்டத்து இலை என்று கேட்டால் சொல்வதற்கு அங்கே ஆள் இருக்கும்.

கடைசியாக, பில். விலை பெரும்பாலும் ஆள் கணக்கில்தான், ஐந்து பேர் போய் இரண்டு செட் வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம் என்று நினைத்தால் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 சதவீத சேவைக் கட்டணமும் வரியும் அதற்கு மேலே ஏறும் என்று அர்த்தம், 2024 ஜனவரியிலிருந்து அங்கே வாட் மட்டுமே 18 சதவீதம். கேக்கை வெளியிலிருந்து கொண்டுபோகலாமா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் பதிவு செய்யும் அதே போனிலேயே கேட்டு முடித்துவிடுங்கள்.