வீட்டுக் கோழிய அடை வச்சு குஞ்சு பொரிக்க வைக்கிறது எப்படி? முதல் தடவை வைக்கிறவங்களுக்கு

"அக்கா, என் கோழி மூணு நாளா முட்டைக் கூடைய விட்டு எந்திரிக்கவே மாட்டேங்குது, கிட்ட போனா உப்பிக்கிட்டு கொத்த வருது, சீக்கா இருக்குமோ, டாக்டர்ட்ட தூக்கிட்டுப் போகவா"ன்னு பக்கத்து ஊர்ல புதுசா தோட்டம் வாங்கியிருக்க தம்பி ஒருத்தர் போன் பண்ணாரு. சீக்கெல்லாம் இல்ல தம்பி, உங்க கோழி அடைக்கு வந்திருக்கு, சந்தோசப்படுங்கன்னு சொன்னேன். அவருக்கு போன்ல சொன்னதத்தான் கொஞ்சம் விரிவா இங்க எழுதுறேன். நாங்க சிவகங்கை பக்கம், மானாவாரி நெலம் ரெண்டு ஏக்கர், ஒரு பசு, ஆறு ஆடு, எப்பவும் இருபதுக்கு குறையாம நாட்டுக்கோழி. இன்குபேட்டர் கிடையாது. எல்லாக் குஞ்சும் தாய்க்கோழி வயித்துச் சூட்டுல பொரிச்சதுதான்.

ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிர்றேன். அடை காக்குற வேலை கோழிக்கு நம்மள விட நல்லாத் தெரியும். நம்ம வேலை நல்ல முட்டை குடுக்குறது, பாம்பு பூனை வராம காவல் காக்குறது, குஞ்சு வந்தப்புறம் மூணு வாரம் கண்ணும் கருத்துமா பாத்துக்கிறது. நடுவுல நாம கைய உள்ள விடுற அளவுக்குத்தான் பொரிப்பு குறையும்.

ஸ்டெப் 1: கோழி நெசமாவே அடைக்கு வந்திருக்கான்னு பாருங்க

நாட்டுக்கோழி ஒரு ஈட்டுல பன்னெண்டுல இருந்து பதினெட்டு முட்டை வரைக்கும் போடும், அப்புறம் முட்டைய நிறுத்திட்டு கூடையிலயே படுத்துக்கும். உடம்புல புரோலாக்டின்னு ஒரு ஹார்மோன் ஏறுறதுனாலதான் இப்படி. கொர்ர் கொர்ர்னு அடித்தொண்டையில சத்தம், றெக்கைய உப்ப வைக்கும், நெஞ்சுல கைய வச்சுப் பாத்தீங்கன்னா நல்லா சுடும், சில கோழி நெஞ்சு முடியக்கூட பிச்சுப் போட்டுக்கும். ஆனா ஒரு நாள் படுத்துருச்சுன்னு உடனே முட்டைய வச்சுராதீங்க. ரெண்டு நாள் பொறுங்க. ராத்திரியும் கூடையிலயே கெடக்குதான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க, கெடந்தா அது உறுதி.

சிறுவிடைன்னு சொல்ற சின்ன உடம்பு நாட்டுக்கோழிங்க இதுக்கு அருமை. பெருவிடை உடம்பு கனம், படுக்குறப்பவே ஒண்ணு ரெண்டு முட்டைய ஒடச்சுரும். பண்ணையில முட்டைக்காக வளக்குற லெகார்ன் மாதிரி வெள்ளைக் கோழி கிட்டத்தட்ட அடைக்கே வராது, நிறைய முட்டை வேணும்னு அந்தக் குணம் இல்லாததாப் பாத்துப் பாத்துத் தேர்வு செஞ்சு வளத்த இனம் அது.

ஸ்டெப் 2: முட்டை (பாதி ஜெயிப்பு இங்கதான்)

புதுசா வர்றவங்க நிறைய பேர் கேக்குறது, கடையில வாங்குன முட்டைய வைக்கலாமான்னு. வேண்டாங்க. பண்ணையில சேவலே இருக்காது, அதனால அந்த முட்டையில கருவே இருக்காது, இருவத்தோரு நாள் பாவம் கோழி சும்மா உக்காந்திருக்கும். உங்க கோழிங்களோட சேவல் ஒண்ணு கண்டிப்பா திரியணும், எட்டு பத்து பொட்டைக்கு ஒரு சேவல் போதும். சேவல வித்துட்டீங்கன்னாலும் கடைசியா சேர்ந்த நாள்ல இருந்து ஒரு வாரம் வரைக்கும் போடுற முட்டையில கரு இருக்க வாய்ப்பு இருக்கு, அதுக்கப்புறம் நம்ப முடியாது.

முட்டை எவ்வளவு புதுசோ அவ்வளவு நல்லது. போட்டு ஏழு நாளுக்குள்ள இருக்கணும், சித்திரை வைகாசி வெயில்ல நான் நாலஞ்சு நாளுக்கு மேல போனத வைக்கவே மாட்டேன், ஏன்னா அந்தச் சூட்டுல கோழி உக்காராமலே கரு அரைகுறையா வளர ஆரம்பிச்சு பாதியில செத்துரும். ஃபிரிட்ஜுலயும் வைக்காதீங்க, அவ்வளவு குளிர்ச்சியில கரு கெட்டுப்போகும். எங்க அப்பத்தா செஞ்சது இப்பவும் நான் செய்றேன்: பெரிய மண்சட்டியில ஈரமணல் போட்டு அதுக்குள்ள சின்னச் சட்டி வச்சு, சின்னச் சட்டியில காஞ்ச தவிடு கொஞ்சம் பரப்பி, முட்டைய கூர்முனை கீழ இருக்கிற மாதிரி நட்டு வச்சு, மேல ஈரம் பிழிஞ்ச வேட்டித்துணி. மண்சட்டியில தண்ணி ஆவியாகுறப்ப உள்ள நல்லா குளுகுளுன்னு இருக்கும். கூர்முனை ஏன் கீழன்னா, அகலமான பக்கத்துலதான் காத்து அறை இருக்கு, குஞ்சு முதல் மூச்சு விடுறது அங்கதான், அது மேல இருக்கணும்.

ரொம்பப் பெருசு, ரொம்பச் சிறுசு, நீளக்கோணல், ஓட்டுல கீறல் விட்டது எல்லாம் தள்ளிருங்க. அழுக்கா இருந்தா கழுவக் கூடாது, முட்டை மேல ஒரு மெல்லிய பூச்சு இருக்கும், கழுவுனா அது போயி கிருமி உள்ள எறங்கும். காஞ்ச துணியால லேசா தொடச்சா போதும், ரொம்ப எச்சமா இருந்தா அத அவிச்சு சாப்பிட்ருங்க, அடைக்கு வேண்டாம்.

எத்தனை வைக்கலாம்? எங்க பக்கம் 9, 11, 13ன்னு ஒத்தப்படையிலதான் வைப்போம். சிறுவிடைக்கு 9 இல்லாட்டி 11 போதும். கோழி றெக்கைக்கு வெளிய ஒரு முட்டை தெரிஞ்சாலும் அது அதிகம்னு அர்த்தம், ஏன்னா கோழி முட்டைய மாத்தி மாத்தி உருட்டும், இன்னைக்கு வெளிய கெடந்த முட்டை நாளைக்கு உள்ள போயிரும், வேற ஒண்ணு வெளிய வந்து குளிரும், கடைசியில நாலஞ்சு கெட்டுப்போகும். ஆசைப்பட்டு 16 வச்சு 6 பொரிச்சத விட 9 வச்சு 8 பொரிக்கிறது மேல்.

ஸ்டெப் 3: கூடை

அகலமான மூங்கில் கூடை இல்லாட்டி பழைய சட்டி. அடியில நாலு விரக்கடை மணல், நடுவுல லேசா குழி, மேல வைக்கோல். குழி ஆழமா இருந்தா முட்டை ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். வைக்கோலுக்கு அடியில சலிச்ச சாம்பலும் காஞ்ச வேப்பெலையும் தூவுங்க, இது செள்ளுக்கும் பேனுக்கும். இத விட்ராதீங்க, செள்ளு ஏறுன கோழி அரிப்பு தாங்காம அடைய விட்டு எந்திரிச்சுப் போயிரும்.

இடி இடிச்சா கரு கலங்கும்னு சொல்லி கூடையில ஒரு இரும்பு ஆணியும் கரித்துண்டும் போடுறது எங்க ஊர் வழக்கம். நானும் போடுறேன், அப்பத்தா போட்டுச்சு, நானும் போடுறேன், அவ்வளவுதான்.

இடம் இருட்டா, காத்தோட்டமா, மத்த கோழிங்க வராததா இருக்கணும். எங்களுக்கு ஆட்டுக்கொட்டாய் மூலை. கூடையச் சுத்தி அரை இஞ்ச் வெல்டு மெஷ் அடிச்சிருக்கோம், பெரிய கண்ணு வலையில பாம்பு நுழைஞ்சுரும். ஒரு வருசம் சாரைப்பாம்பு உள்ள பூந்து முட்டை பூராத்தையும் முழுங்கிருச்சு, கோழி கொட்டாய் மேல ஏறி நின்னு விடியிற வரைக்கும் கத்துச்சு, அது இன்னும் காதுல இருக்கு.

ஸ்டெப் 4: உக்கார வைக்கிறது

பொழுது சாஞ்சப்புறம் வைங்க. முட்டை ஒவ்வொண்ணுலயும் பென்சில்ல ஒரு கோடு போட்ருங்க, ஏன்னா வேற கோழி வந்து அதே கூடையில முட்டை போட்டுட்டுப் போகும், கோடு இல்லாதத அன்னன்னைக்கே எடுத்துரலாம். கோழிய மெதுவா தூக்கி, கூடை வாய்ல விட்டீங்கன்னா அதுவே உள்ள எறங்கி முட்டைய நெஞ்சால தள்ளித் தள்ளி அடுக்கிக்கும். ராத்திரி பூரா இருட்டுல உக்காந்துச்சுன்னா காலையில அந்த இடம் அதோட இடம்னு ஆயிரும். தேதிய காலண்டர்ல குறிச்சு வைங்க.

ஸ்டெப் 5: இருவத்தோரு நாள்

தெனமும் ஒரே நேரத்துல ஒரு தடவை கோழி எறங்கணும். கம்பு, சோளம், நொய்யி இந்த மாதிரி தானியமும் தண்ணியும் பக்கத்துல வச்சுருங்க, தின்னுட்டு, பெருசா எச்சம் போட்டுட்டு, மண்ணுல பொரண்டுட்டு, பதினஞ்சு இருவது நிமிசத்துல தானா ஏறிக்கும். சில கோழி எறங்கவே எறங்காது, அப்படியே காஞ்சு போயிரும், அத நாமதான் தூக்கி வெளிய விடணும், தூக்குறப்ப றெக்கைக்கு அடியில முட்டை ஒட்டியிருக்கான்னு பாத்துத் தூக்குங்க, இல்லாட்டி கீழ விழுந்து ஒடையும்.

ஏழாம் நாள் ராத்திரி முட்டைய பாத்துரணும். செல்போன் டார்ச் மேல அகலமான பக்கத்த வச்சு, வெளிச்சம் கசியாம கையால பொத்திக்கிட்டு பாருங்க. நடுவுல ஒரு கருப்புப் பொட்டு, அதுல இருந்து செலந்திவலை மாதிரி செவப்பு நரம்பு ஓடுனா கரு கூடியிருக்கு. ஒண்ணுமே இல்லாம மஞ்சளா பளிச்சுன்னு தெரிஞ்சா கருவே இல்ல. செவப்பு வளையம் மட்டும் தெரிஞ்சா கரு பாதியில செத்திருக்கு. இந்த ரெண்டு வகையையும் எடுத்துருங்க, உள்ள விட்டா கூமுட்டையாகி வெடிச்சு நாறி மத்த முட்டையவும் கெடுத்துரும். சந்தேகமா இருந்தா வச்சுட்டு பதினாலாம் நாள் இன்னொரு தடவை பாருங்க. அதுக்கு மேல தொடாதீங்க.

பதினெட்டாம் நாளுக்கு அப்புறம் கூடைப்பக்கம் போறதையே குறைச்சுக்குங்க. ஓட்டுக்குள்ள இருக்கிற குஞ்சு கத்தும், தாய் பதிலுக்கு மெல்லமா கொக்கும், காது குடுத்து நின்னீங்கன்னா கேக்கும். எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு அலுக்கல.

ஸ்டெப் 6: பொரிக்கிற நாள்

ஓட்டுல சின்னதா ஒரு கீறல் விழும். அதுல இருந்து குஞ்சு வெளிய வர பன்னெண்டு மணி நேரமோ, ஒரு நாள் பூராவுமோ கூட ஆகலாம். நடுவுல மணிக்கணக்கா அசைவே இருக்காது. அந்த நேரத்துல அது சும்மா இல்ல, மிச்சமிருக்க மஞ்சக்கருவ வயித்துக்குள்ள இழுத்துக்கிட்டு இருக்கு, ஓட்டு உள்பக்கத் தோல்ல ஓடுற ரத்தமும் வத்தணும். நான் ஆரம்பத்துல ஒரு குஞ்சு தவிக்குதேன்னு மனசு கேக்காம நகத்தால ஓட்ட உரிச்சேன், தோல் கிழிஞ்சு ரத்தம் வந்து என் உள்ளங்கையிலயே செத்துப்போச்சு. அன்னைக்கு முடிவு பண்ணதுதான், இனி ஓட்டுல கை வைக்கிறதில்ல.

எல்லாம் ஒரே நேரத்துல பொரிக்காது. முதல்ல வந்த குஞ்சுக்குப் பசிக்குமேன்னு தாய எறக்கிராதீங்க, வயித்துல இருக்க மஞ்சக்கருவ வச்சே ரெண்டு நாள் தாங்கும். இருவத்திமூணாம் நாள் சாயங்காலமும் பொரிக்காதது பெரும்பாலும் இனி பொரிக்காது, எடுத்துப் பொதச்சுருங்க.

ஸ்டெப் 7: முதல் மூணு வாரம்

"கோழி மிதிச்சு குஞ்சு சாகுமா"ன்னு சொல்லுவாங்க. எடம் இருந்தா சாகாது. ஆழமான கூடைக்குள்ளயே வச்சிருந்தா நசுங்கும், அதனால எல்லாம் காஞ்சு நடக்க ஆரம்பிச்ச உடனே தாயோட பஞ்சாரத்துக்கு (கோழிய கவுத்து அடைக்கிற மூங்கில் கூடை) மாத்திருங்க. அடியில சாக்கு விரிங்க, வழவழன்னு பேப்பர் போட்டா குஞ்சுக்கு கால் வழுக்கி விரிஞ்சு போயிரும்.

தண்ணி: கொதிக்க வச்சு ஆறுன தண்ணியில கொஞ்சம் கருப்பட்டியோ வெல்லமோ கரைச்சு முதல் நாள் வைங்க. தட்டையான மூடி, அதுல கூழாங்கல்லு நிரப்பணும், கல்லுக்கு நடுவுல தேங்குற தண்ணிய கொத்திக் குடிக்கும். இத அலட்சியமா நினைக்காதீங்க, ரெண்டு விரக்கடை தண்ணியில கூட குஞ்சு முங்கிச் செத்துரும்.

தீனி: ஒடச்ச கம்பு, கேப்பை, நொய்யி. வசதி இருந்தா சிக் ஸ்டார்ட்டர் தீவனம் கலந்துக்கலாம், வளர்ச்சி நல்லா இருக்கும். சின்ன வெங்காயம் பொடிசா நறுக்கி வாரத்துக்கு ரெண்டு நாள். ஒரு வாரம் கழிச்சு கரையான். பழைய பானையில வைக்கோல், காஞ்ச சாணி, சாக்குத் துண்டு திணிச்சு தண்ணி தெளிச்சு, கரையான் நடமாட்டம் இருக்க எடத்துல சாயங்காலம் கவுத்து வைங்க, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி எடுத்துக் கொட்டுனா குஞ்சுங்க பறந்து பறந்து கொத்தும். கொஞ்சமாப் போடுங்க, அளவு மீறுனா செரிக்காது.

மூணு வாரம் வரைக்கும் தொறந்து விடுறப்ப யாராவது ஒரு ஆள் பக்கத்துல இருங்க. பருந்து வந்தா தாய் சத்தம் குடுக்கும், குஞ்சு பூரா றெக்கைக்கு அடியில ஓடிரும், ஆனா காக்கா தந்திரமா பின்னாடி இருந்து தூக்கும். நாங்க திரியிற எடத்துல மேல பழைய மீன்வலைய கட்டியிருக்கோம்.

ஸ்டெப் 8: தடுப்பு மருந்து, தயவு செஞ்சு விட்ராதீங்க

வெள்ளைக்கழிச்சல் வந்தா கூடு காலியாயிரும். வெள்ளையும் பச்சையுமா கழியும், கழுத்து திருகிக்கும், ஒரு வாரத்துல பட்டியே அழிஞ்சு போகும். இது வைரஸ், வந்தப்புறம் மருந்து கிடையாது. ஒரு மாசியில இருவத்தி மூணு கோழிய பொதச்சோம், அதுல அடை வச்சு வந்த எட்டுக் குஞ்சும் போச்சு. கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள் அரைச்சுக் குடுக்குறது நல்லதுதான், நானும் குடுக்குறேன், ஆனா அது தடுப்பூசிக்குப் பதில் ஆகாது.

ஏழாம் நாள் கண்ணுல ஒரு சொட்டு, எஃப் ஒன் இல்லாட்டி லசோட்டா, ரெண்டும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து பேருதான். நாலாம் வாரம் லசோட்டா இன்னொரு தடவை. எட்டாம் வாரம் அதே நோய்க்கு றெக்கைக்கு அடியில தோல்ல தடுப்பூசி, அரை மில்லி. அம்மைக்கும் தடுப்பூசி இருக்கு, எப்பப் போடணும்னு அரசு கால்நடை மருந்தகத்துல கேட்டுக்குங்க. மருந்து குப்பி சின்னதா கிடைக்கிறது கஷ்டம், பெரும்பாலும் நூறு கோழிக்கோ அதுக்கு மேலயோ வர்ற அளவுலதான் வரும், கலக்குனா ரெண்டு மணி நேரத்துக்குள்ள போட்டு முடிக்கணும், அதுவரைக்கும் ஐஸ் போட்ட பிளாஸ்க்ல இருக்கணும். அதனால எங்க தெருவுல நாலு வீடு பேசி வச்சு ஒரே வாரத்துல அடை வைக்கிறோம், மருந்தும் ஒண்ணா வாங்கி ஒரே நாள்ல போட்டுர்றோம். நோய் வந்த குஞ்சுக்குப் போடாதீங்க. செத்த கோழிய கண்மாய்ல வீசாம ஆழமா குழி தோண்டி சுண்ணாம்பு போட்டு மூடுங்க, வீசுனா ஊருக்கே பரவும்.

ரெண்டு மாசம் நெருங்குறப்ப தாய் குஞ்சுங்கள கொத்தி வெரட்ட ஆரம்பிக்கும். பாக்க கஷ்டமா இருக்கும், தடுக்க வேண்டாம், அது மறுபடி முட்டைக்கு வரப்போகுது. குஞ்சுங்கள ராத்திரி தனியா அடைங்க, பஞ்சாரத்த கழுவி வெயில்ல காய வச்சு விட்டத்துல தொங்கவிட்ருங்க, அடுத்த அடைக்கு வேணும்.