செஸ்ஸில் என்ட்கேம் (ஆட்டத்தின் கடைசிக் கட்டம்) படிப்பதை எதில் தொடங்குவது?

போன மாதம் என் பெறாமகன் ஒரு செஸ் போட்டியில் வெல்ல வேண்டிய ஆட்டத்தை ட்ரோவாக்கிக்கொண்டு வந்தான். அவனிடம் ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தது. அவசரப்பட்டுக் கோட்டைகளை வெட்டி மாற்றினான். மிஞ்சியது பலகையின் ஓரத்தில், எச் நிரலில் ஒரு சிப்பாய். எதிராளியின் ராஜா, அந்தச் சிப்பாய் போய்ச் சேர வேண்டிய எச்8 மூலைக்குள் போய் இருந்துவிட்டது. கோட்டையைக் கொடுத்துக் கோட்டை விட்டான் என்று கொக்குவில் வீட்டில் இன்னும் பகிடி.

அவனிடம் தடித்த என்ட்கேம் புத்தகம் ஒன்று இருக்கிறது. முதல் பக்கத்திலிருந்து படிக்கிறானாம். நான் மூடி வைக்கச் சொன்னேன். ஆடி முடித்த கடைசி இருபது ஆட்டத்தை எடு, ராணிகள் போன பிறகு பலகையில் என்ன மிஞ்சியது என்று கொப்பியில் எழுது என்றேன். பாதிக்கு மேல் கோட்டையும் சிப்பாய்களும், மற்றவை பெரும்பாலும் வெறும் சிப்பாய்கள். படிக்க வேண்டியதும் அதுதான்.

ராணியால், கோட்டையால் மேட் பண்ணுவதை ஒரே பின்னேரத்தில் முடிக்கலாம். ராணியோடு ஸ்டேல்மேட் (செக் இல்லாமலே எதிராளிக்கு நகர வழியற்றுப் போய் ட்ரோவாவது) ஆக்காமல் பார்த்தால் சரி.

ஒரு ராஜா, ஒரு சிப்பாய் என்ற நிலையில்தான் நாள்கணக்கில் இருக்க வேண்டும். வெள்ளை ராஜா ஈ5, சிப்பாய் ஈ4, கறுப்பு ராஜா ஈ7 என்று வையுங்கள் (எழுத்து நிரல், எண் நிரை). கறுப்பு நகர வேண்டுமென்றால் வெள்ளை வெல்லும்: கறுப்பு டீ7 போனால் வெள்ளை எஃப்6இல் நுழைந்துவிடும். வெள்ளையின் முறையென்றால் ட்ரோ: டீ5 போனால் கறுப்பு டீ7 வந்து மறுபடி முகத்துக்கு முகம் நிற்கும். இரண்டு பக்கமும் மாறி மாறி ஆடிப் பாருங்கள். அப்புறம் ஓரச் சிப்பாயை வைத்து, அது ஏன் பெரும்பாலும் வெல்லாது என்று பாருங்கள். என் பெறாமகனுக்கு அந்த ஒரு நிலை தெரிந்திருந்தால் கோட்டையைத் தொட்டிருக்க மாட்டான்.

கோட்டை ஆட்டத்தில் இப்போதைக்கு இரண்டு போதும். வெல்லும் பக்கத்துக்கு லூசேனா நிலை, தப்பும் பக்கத்துக்கு பிலிடோர் நிலை; இரண்டும் ஆட்களின் பெயரால் வந்தவை. பிலிடோர் பிரான்ஸில் ஒபேரா எழுதிய இசைக்காரர் என்றால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். அவர் முறையில், எதிராளியின் சிப்பாய், அவர் பக்கத்திலிருந்து எண்ணினால் ஆறாம் நிரைக்கு வரும்வரை நம் கோட்டை அந்த நிரையை மறித்து நிற்கும். சிப்பாய் அங்கே வந்ததும் கோட்டை தூரப் போய்ப் பின்னாலிருந்து செக் கொடுக்கும்.

மந்திரியும் குதிரையும் சேர்ந்து மேட் பண்ணுவதை விட்டுவிடுங்கள். இத்தனை வருடத்தில் எனக்கு அது ஒருமுறை கூட வரவில்லை.