திருவிருந்து ஞாயிறுக்கு சனிக்கிழமையே தயாராவது எப்படி?

திருவிருந்து என்றால் இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சை ரசமும் வாங்கும் ஆராதனை; இராப்போஜனம், நற்கருணை என்பதும் இதைத்தான். திடப்படுத்தல் (விசுவாசத்தைச் சபை முன்னால் உறுதிப்படுத்தும் சடங்கு) முடிந்து முதல் தடவை திருவிருந்தில் சேரப் போகிற என் அக்கா மகள் போன வாரம் கேட்டாள்: "சித்தி, அன்னைக்கு வெள்ளைச் சேலைதான் கட்டணுமா?" சேலை பேச்சு ஒரு நிமிஷத்தில் முடிந்தது. மற்றதைப் பேசி முடிக்க ராத்திரி பத்து மணி ஆகிவிட்டது. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நாங்கள் மதுரை பசுமலைப் பக்கம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. கத்தோலிக்கர்களுக்குச் சில விஷயங்கள் மாறும், அங்கங்கே சொல்கிறேன்.

1. முதலில் தேதி

எங்களுக்கு மாதத்தின் முதல் ஞாயிறு. உங்கள் சபையில் எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஊருக்கு ஊர் வேறுபடும். 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று பல வழிக்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்தார்கள். மதுரையில் 1834 முதல் இருந்தது அமெரிக்க மிஷன். திருநெல்வேலிப் பக்கம் ஆங்கிலிக்கன் வழக்கம் அதிகம். அங்கிருந்து கல்யாணமாகி வந்தவர்கள் "எங்க ஊர்ல இப்படி இல்லையே" என்பது அதனால்தான்.

2. சனிக்கிழமை வேலையை மதியத்துக்குள் முடியுங்கள்

ஞாயிறு காலை கறிக்கடை வரிசையில் நின்றுவிட்டு, மூச்சு வாங்க ஆலயத்துக்கு ஓடிய வருஷங்கள் எனக்கும் உண்டு. வாய் பாவ அறிக்கை சொல்லும், மனசு குக்கர் விசிலை எண்ணும். இப்போது திருவிருந்து ஞாயிறு என்றால் எங்கள் வீட்டில் ரசமும் அப்பளமும்தான். சேலையைத் தேய்த்து, வேதாகமம், பாட்டுப் புத்தகம், காணிக்கைக் கவர் எல்லாம் பையில் வைத்துவிட்டால் சாயங்காலம் உங்களுக்கு.

3. அரை மணி நேரம், ஒரு தாள், ஒரு பேனா

1 கொரிந்தியர் 11-ஆம் அதிகாரத்தில் 17 முதல் 34 வரை வாசியுங்கள். கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய கடிதம் அது. அதில் 'அபாத்திரமாய்', அதாவது தகாத விதமாய், என்ற வார்த்தை வரும். அதற்குப் பயந்தே பலர் பந்திக்கு (அப்பமும் திராட்சை ரசமும் வாங்கும் இடத்துக்கு) போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கொரிந்துவில் நடந்தது என்ன? வசதியானவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள், சிலர் குடித்து வெறித்தார்கள், ஏழைகள் பசியோடு நின்றார்கள். பவுல் கண்டித்தது அந்த நடத்தையை. தகுதி உள்ளவன் மட்டும் வா என்று அவர் சொல்லவில்லை. 28-ஆம் வசனமும் சோதித்துப் பார்த்துவிட்டுச் சாப்பிடு என்கிறதே தவிர, சோதித்துவிட்டு ஒதுங்கிக்கொள் என்று சொல்லவில்லை.

சரி, எப்படிச் சோதிப்பது? 'நான் பாவி' என்று மொத்தமாக எழுதினால் ஒன்றும் ஆகாது. திங்கள் முதல் நாள் நாளாகப் பின்னோக்கிப் பாருங்கள். என் தாளில் போன மாதம் இருந்த ஒரு வரி: "செவ்வாய். காய்கறிக்கார அம்மாவிடம் பாக்கியில் பத்து ரூபாய் குறைகிறது என்று சண்டை போட்டு வாங்கினேன். வீட்டில் வந்து பார்த்தால் அந்தப் பத்து ரூபாய் பர்ஸ் ஓரத்தில். திரும்பிப் போகவில்லை." இந்த அளவுக்குத் தெளிவாக இருந்தால் போதும். தாளை வேதாகமத்துக்குள் வைக்காதீர்கள், பக்கத்தில் இருப்பவர் வசனம் பார்க்க வாங்குவார்!

கத்தோலிக்கர்களுக்குச் சாவான பாவம், அதாவது கனமான பாவம், இருந்தால் முதலில் குருவானவரிடம் பாவ அறிக்கை செய்து ஒப்புரவாக வேண்டும். எங்களிடம் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் ஏதாவது பாரமாக அழுத்தினால் சபை ஆயரிடம் (போதகரிடம்) போய்ப் பேசலாம்.

4. போன் பண்ண வேண்டிய ஆள்

கஷ்டமான படி இதுதான். காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்று மத்தேயு 5-இல் இயேசு சொல்கிறார்.

ஒரு கல்யாண வீட்டில், வாங்கிய அண்டாவைத் திருப்பித் தரவில்லை என்று என் நாத்தனாரை எல்லார் முன்னாலும் குத்திப் பேசியிருந்தேன். சனி சாயங்காலம் போன் போட்டேன். எடுத்ததுமே அவள், "என்ன மதினி, நாளைக்கு இராப்போஜனமா?" என்றாள். வெட்கமாகப் போய்விட்டது. "ஆமா. அன்னைக்கு நான் அப்படிப் பேசுனது தப்பு" என்றேன். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். "நீயும்தானே..." என்று ஆரம்பித்தால் அண்டா மறுபடி உருளும். (அது இன்னும் அவள் வீட்டில்தான் இருக்கிறது.)

எல்லாரையும் கூப்பிட வேண்டும் என்றில்லை. உங்களை அடித்தவர், பயமுறுத்தியவர் என்றால் தனியாகப் போய் நிற்காதீர்கள். அது வேறு விஷயம், நம்பிக்கையான ஒருவரிடம் முதலில் சொல்லுங்கள்.

5. ஞாயிறு காலை

வெறும் வயிற்றோடு போவது பெரியவர்களின் பழக்கம், எங்களுக்கு அது சட்டம் இல்லை. சுகர் மாத்திரை போடுகிறவர்கள் இட்லி சாப்பிட்டுவிட்டே வாருங்கள். கத்தோலிக்கர்களுக்கு நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து உணவு கூடாது. தண்ணீர், மருந்துக்குத் தடையில்லை.

கால் மணி நேரம் முன்னால் போய் உட்காருங்கள். ஆராதனையில் ஒருவருக்கொருவர் கை கொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரம் வரும்; அது கைக்குக் கை கடந்து வரும்போது, பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்து வாங்குங்கள். பந்தியில் முழங்காலிட்டு இடது உள்ளங்கைமேல் வலது உள்ளங்கையை விரித்து வையுங்கள். மூட்டு வலி என்றால் நின்றே வாங்கலாம். திராட்சை ரசத்தைப் பாத்திரத்தில் குடிப்பதா, அப்பத்தை அதில் தோய்த்துக் கொடுப்பார்களா என்று முன்னால் இருப்பவரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். 'ஆமென்' சொல்லுங்கள். திரும்பி வந்ததும் செருப்பைத் தேடாமல் கொஞ்சம் அமைதியாக இருங்கள்.

6. தாளில் மிச்சம் இருப்பது

அதைத் திங்கட்கிழமை பார்க்க வேண்டும். நான் கடைக்குப் போய்ப் பத்து ரூபாயை நீட்டினேன். "எதுக்கும்மா?" என்றார் அந்த அம்மா. சொன்னேன். வாங்கிச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு, என் பைக்குள் ஒரு கொத்து கறிவேப்பிலையைச் செருகிவிட்டு, அடுத்த ஆளுக்குத் தக்காளி நிறுக்கப் போய்விட்டார்.