ஏரித் தண்ணீர் சோதனை: மத்தியான பாட்டிலை நம்பாதீர்கள்

ஏரியைக் காக்க முன்வரும் பெங்களூர் குடியிருப்புக் குழுக்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை டிபன் முடித்து, பதினோரு மணிக்கு மேல்தான் பாட்டிலோடு கிளம்புகின்றன. முதல் கோளாறே அந்த நேரம்தான். பாசி படர்ந்த ஏரியில் வெயில் ஏற ஏற தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனும் ஏறும். பிற்பகலில் லிட்டருக்கு 12 மில்லிகிராமைக்கூடத் தாண்டும். 900 மீட்டர் உயரத்திலிருக்கும் இந்த ஊரில், 25 டிகிரி தண்ணீர் காற்றிலிருந்து வாங்கி வைத்துக்கொள்வது 7.5 மில்லிகிராம்தான். ஆக, 12 வந்தால் குதிக்காதீர்கள். பாசி மிதமிஞ்சிவிட்டது என்று அர்த்தம். ராத்திரி அதே பாசியும் அடிச்சேறும் ஆக்சிஜனைத் தின்று தீர்க்கும். விடியும் நேரத்தில் அளவு 1, 2 என்று இறங்கும். மீன் சாவது அப்போது. 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் மீன்கள் குவியலாகச் செத்து மிதந்ததை ஊரே பார்த்தது. மீன்வளத்துக்கான அரசு அளவுகோல் குறைந்தது 4. காலை ஆறுக்கு முன் ஒரு மாதிரி, மூன்று மணிக்கு ஒரு மாதிரி எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சேதி.

வாளியில் மொண்டு பாட்டிலில் ஊற்றினால் வழியிலேயே காற்று கலந்துவிடும். 300 மில்லி பிஓடி பாட்டிலை (காற்று புகாமல் மூடும் சோதனைக் கண்ணாடி பாட்டில்) ஒரு அடி ஆழத்தில் சாய்த்துப் பிடித்து நிரப்பி, தண்ணீருக்குள்ளேயே மூடுங்கள். கவிழ்த்துப் பாருங்கள், ஒரு குமிழி தெரிந்தாலும் கொட்டிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். ஆட்டோவில் லேப் போய்ச் சேரும்வரை பாக்டீரியா சும்மா இருக்காது. அதனால் ஆக்சிஜனை அப்படியே பிடித்து நிறுத்தும் மாங்கனீஸ் சல்பேட், ஆல்கலி அயோடைடு அசைடு கரைசல்கள் இரண்டையும் கரையிலேயே ஒவ்வொரு மில்லி, பிப்பெட் நுனி நீருக்குள் இருக்கும்படி விட்டு, மூடிக் குலுக்குங்கள். (அசைடு விஷம், கையுறை கட்டாயம்.) பழுப்பாகத் திரிந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் துளிகூட இல்லை, லேபில் ஆக்சிஜனை அளக்கும் டைட்ரேஷனே தேவையில்லை.

கோலிஃபார்ம் (மலக்கழிவு கலந்ததைக் காட்டும் பாக்டீரியா) சோதனைக்கான பாட்டிலைப் பழக்கதோஷத்தில் ஏரித் தண்ணீரில் அலசாதீர்கள், கிருமிநீக்கம் போய்விடும். ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் ஒப்படையுங்கள். பாஸ்பேட் அளக்க எடுக்கும் பாட்டிலில் சோப்புத்தூள் படவே கூடாது.

இடமும் முக்கியம். நடைபாதைப் படித்துறை வசதிதான், ஆனால் அங்கே எடுத்தது ஏரியின் கதை ஆகாது. ராஜகாலுவே (பெரிய மழைநீர்க் கால்வாய்) விழும் வாய், நடு ஏரி, கோடி (ஏரி நிரம்பி வழியும் இடம்) மூன்றிலும் எடுங்கள். கோடியை விடவே கூடாது: பெல்லந்தூர் ஏரியின் கோடியில் வழிவது வர்த்தூர் ஏரிக்குப் போய், தென்பெண்ணையில் சேர்ந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரையாக நிற்கிறது.