முகூர்த்தப் பூ அலங்காரம்: சிறிய பூக்கடைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை, ஈரோடு, திருப்பூர், கரூர் பக்கம் கல்யாணத்துக்குப் பூ வேலை எடுத்துச் செய்யும் சிறிய கடைக்காரர்களில் கைவேலை தெரியாதவர்கள் குறைவு. அவர்கள் கோட்டை விடுவது கணக்கில்தான். பணக் கணக்கை மட்டும் சொல்லவில்லை, மாசக் கணக்கும் மணிக் கணக்கும் அதில் சேரும். இந்த மாசம் தோட்டத்தில் என்ன பூ இருக்கும், பறித்ததிலிருந்து அது எத்தனை மணி நேரம் வாடாமல் நிற்கும் என்று யோசிக்காமல், பெண் வீட்டார் காட்டும் போட்டோவைப் பார்த்துத் தலையாட்டுவதில் முக்கால்வாசிச் சிக்கல் ஆரம்பிக்கிறது.

போட்டோவைப் பார்த்து விலை சொல்வது

நிச்சயம் முடிந்த கையோடு பூவுக்குப் பேச வருவார்கள். கல்யாணம் பல மாசம் தள்ளி இருக்கும். சித்திரையில் உட்கார்ந்து தை முகூர்த்தத்துக்கு விலை சொன்னால் அந்த இடத்திலேயே நஷ்டம் எழுதப்படுகிறது. மல்லிகை வெயில் பூ. பங்குனி தொடங்கி ஆனி வரை கொட்டும். மார்கழிப் பனியில் அரும்பு கட்டுவது குறைந்துவிடும். சித்திரையில் கிலோ சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்லி, தை முகூர்த்த நாளில் 2,000, 3,000 ரூபாயைத் தாண்டுவது சத்தியமங்கலம் ஏலத்தில் புதிதல்ல. மார்கழியில் கல்யாணம் கிடையாது என்பதால் தை பிறந்ததும் எல்லா வீட்டு முகூர்த்தமும் சேர்ந்து விழுகிறது. பூ குறைந்த நேரத்தில் தேவை கூடினால் விலை நம் கையில் இருக்காது.

செவ்வந்தி நேர்மாறு. இரவு நீளும் காலத்தில்தான் அது மொட்டு வைக்கும். கார்த்திகை முதல் மாசி வரை தாராளமாகக் கிடைக்கும். வைகாசிக் கல்யாணத்துக்கு மேடை முழுக்கச் செவ்வந்தி என்று ஒப்புக்கொண்டால் தூரத்திலிருந்து வரவழைக்க வேண்டும், கொடுக்கிற காசுக்குப் பூவும் திருப்தியாக இருக்காது. அந்த மாசத்துக்கு மல்லியும் சம்பங்கியும் செண்டுமல்லியும் போதும்.

ஆவணியில் கவனிக்க வேண்டியது ஓணம். அத்தம் தொடங்கிப் பத்து நாளும் நம் பக்கத்துச் செண்டுமல்லியும் செவ்வந்தியும் வாடாமல்லியும் பாலக்காடு வழியாகக் கேரளாவுக்குப் போகும். ஆவணி முகூர்த்தம் பேசும்போது ஓணத் தேதியைப் பஞ்சாங்கத்தில் பார்த்துவிட்டு விலை சொல்லுங்கள். ரோஜாவுக்கு இதே சிக்கல் பிப்ரவரி 14-ஐ ஒட்டி வரும். தை கடைசியிலும் மாசி தொடக்கத்திலும் ஓசூர் ரோஜாவை நம்பி மேடை போடாதீர்கள். நிறம்தான் வேண்டும் என்றால் சிவப்புக் கோழிக்கொண்டை கைகொடுக்கும்.

இதற்குத் தீர்வு எளிது. ஒப்பந்தத் தாளில் பூவின் பெயரோடு நிறுத்தாமல், எந்த விலை வரை என்பதையும் எழுதுங்கள். "மல்லி கிலோ 1,200 வரை இந்தத் தொகைக்குள். அதற்கு மேல் போனால் வித்தியாசம் வீட்டார் பொறுப்பு, அல்லது பாதி அளவு காக்கடா சேர்க்கப்படும்" என்று ஒரு வரி போதும். காக்கடாவுக்கு மணம் குறைவு, ஆனால் வெள்ளை. பனிக்காலத்திலும் கிடைக்கும். தலையில் வைக்கும் சரத்துக்கு மல்லியே வாங்கிக்கொண்டு, மேடைத் தோரணத்துக்குக் காக்கடாவை வைத்தால் யாருக்கும் குறை தெரியாது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவதில்தான் நாணயம் இருக்கிறது. கல்யாணத்தன்று மாற்றிவிட்டுச் சொன்னால் நல்ல பூவையும் குறையாகத்தான் பார்ப்பார்கள்.

மல்லி எப்போது விரியும் என்று பார்க்காமல் வாங்குவது

விடியற்காலையில் பறித்த மல்லி அரும்பு அன்று சாயங்காலமே விரிந்துவிடும். சாயங்கால வரவேற்புக்கு இது வரம். காலையில் வாங்கி, மதியத்துக்குள் கட்டி முடித்தால், விருந்தினர் வரும் நேரத்துக்குச் சரியாக மணக்கும். நம் பக்கம் முகூர்த்தம் பெரும்பாலும் விடிகாலை. நாலரை, ஐந்து மணிக்கே மாலை கழுத்தில் ஏற வேண்டும். முந்தின நாள் காலையில் வாங்கிய மல்லியில் மாலை கட்டினால், இரவெல்லாம் விரிந்து கிடந்து, முகூர்த்த நேரத்தில் இதழ் ஓரம் பழுப்பேறிவிடும். போட்டோவில் அது பளிச்சென்று தெரியும்.

முகூர்த்த மாலையின் உடம்புக்குச் சம்பங்கி, ரோஜா போன்ற நிற்கும் பூக்களை எடுங்கள். மல்லியைக் குஞ்சத்துக்கும் ஓரத்துக்கும் மட்டும் வையுங்கள். மல்லிதான் வேண்டும் என்று வீட்டார் பிடிவாதமாக இருந்தால் விரிவதைத் தள்ளிப்போட வேண்டும். கட்டிய சரத்தை வாழை இலையில் தளர்வாகச் சுற்றி, தெர்மாகோல் பெட்டிக்குள் வைக்கலாம். அடியில் ஐஸ், ஐஸின் மேல் தடித்த அட்டை, அதற்கு மேல் சாக்குத்துணி, அதன் மேல்தான் பூ. ஐஸ் பூவை நேராகத் தொடக்கூடாது. தொட்ட இடத்தில் இதழ் கண்ணாடி போல ஆகி, வெளியே எடுத்த அரை மணியில் கறுத்துப் போகும். ஈரம் சொட்டும் துணியும் வேண்டாம், பிழிந்த துணி போதும். விரிந்த பூவின் மேல் தண்ணீர் தெளிப்பது இன்னொரு கெட்ட பழக்கம். பார்க்கப் புதிதாகத் தெரியும், சீக்கிரமே அழுகல் புள்ளி விழும். தண்ணீர் தெளிப்பதென்றால் இலைக்கும் தரைக்கும் தெளியுங்கள்.

குத்துமதிப்பாகக் கொள்முதல் செய்வது

"பத்துக் கிலோ போதும், பார்த்துக்கலாம்" என்று கிளம்புவதால் விடியற்காலை மூன்று மணிக்குப் பூ பற்றாமல் அலைய நேரிடுகிறது, அல்லது ஐந்து கிலோ மிச்சமாகிக் குப்பைக்குப் போகிறது. கணக்குப் போட வழி இருக்கிறது.

10 அடி அகலம், 8 அடி உயரத்தில் மேடைக்குப் பின்னால் செண்டுமல்லித் திரை வேண்டும் என்று வையுங்கள். சரத்துக்குச் சரம் 4 அங்குல இடைவெளி என்றால் 30 சரம். ஒவ்வொன்றும் 8 அடி, ஆக 240 அடி. நெருக்கிக் கோத்தால் அடிக்கு ஏறக்குறைய 10 பூ பிடிக்கும், அப்படியானால் 2,400 பூ. பூ ஒன்று 8 கிராம் என்றால் 19 கிலோவுக்குக் கொஞ்சம் அதிகம். உதிரியும் நசுங்கலும் 15 சதவீதம் சேர்த்தால் 22 கிலோ. இதில் பூவின் எடை மட்டும் பருவத்துக்குப் பருவம் மாறும். அதனால் ஏலத்தில் இறங்குமுன் மூட்டையிலிருந்து 100 பூவை எண்ணி எடை போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிட வேலைதான். மல்லிக்கும் இப்படித்தான்: 100 கிராம் அரும்பைக் கட்டச் சொல்லி எத்தனை முழம் வருகிறது என்று அளந்து வைத்தால், தாம்பூலத் தட்டுக்கு 300 அரை முழத் துண்டு வேண்டும் என்று கேட்டவுடன் எத்தனை கிலோ என்று சொல்லிவிடலாம். கட்டுகிற ஆளுக்கு ஆள் நெருக்கம் மாறும் என்பதால், யார் கட்டப் போகிறாரோ அவரையே கட்டச் சொல்லி அளப்பது நல்லது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் எடை ஏமாற்றும். நனைந்த செவ்வந்தியும் செண்டுமல்லியும் தண்ணீரோடு தராசில் ஏறும். ஒரு பூவைக் கவிழ்த்து விரலால் தட்டுங்கள். தண்ணீர் தெறித்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது உலர்ந்த மூட்டைக்கு நகருங்கள். நனைந்த பூவை வாங்கத்தான் வேண்டும் என்றால், சாக்கில் கட்டியே வைக்காமல் உடனே பாயில் பரப்பி மின்விசிறிக் காற்றில் ஆற விடுங்கள். மூட்டைக்குள் சூடேறினால் ஒரே இரவில் நடுப்பகுதி பூஞ்சை பிடித்துவிடும்.

மலைப் பூவை மண்டபத்துச் சரக்கறையில் வைப்பது

கார்னேஷன், லில்லியம் எல்லாம் நீலகிரிப் பசுமைக்குடில்களிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக இறங்கும். குளிரில் வளர்ந்த பூ, பெட்டியை மூடியபடியே ஈரோட்டு வெயிலில் வைத்தால் உள்ளே வியர்த்துப் போகும். வந்தவுடன் பெட்டியைத் திறந்து, காம்பின் அடியை 2 சென்டிமீட்டர் சாய்வாக வெட்டி, கழுவிய வாளியில் குடிதண்ணீர் ஊற்றி, நிழலில் நாலு மணி நேரமாவது நிறுத்த வேண்டும். போர்வெல் உப்புத் தண்ணீர் வேண்டாம். ஜெர்பெராவுக்கு மட்டும் வாளியில் மூன்று அங்குலத் தண்ணீர் போதும். அதன் காம்பு மெத்தென்று ரோமம் படர்ந்தது. ஆழத் தண்ணீரில் அழுகி, கழுத்து தொங்கும்.

அடுத்த தவறு பலருக்குத் தெரிவதே இல்லை. மண்டபத்தில் குளுமையான அறை என்று காட்டப்படுவது சமையல் சரக்கறை. அங்கே தாம்பூலத்துக்கு வாங்கிய பூவம்பழத் தார்கள் பழுத்துக்கொண்டிருக்கும். பழுக்கும் வாழைப்பழம் எத்திலீன் வாயுவை விடும், கார்னேஷனுக்கு அது ஆகாது. இரவு வைத்த பூ, காலையில் இதழ் உள்பக்கம் சுருண்டு தூங்கினாற்போல் நிற்கும். வெட்டிவிட்டாலும் தண்ணீர் மாற்றினாலும் திரும்பாது. "சரக்கு சரியில்லை" என்று மலைக்காரரிடம் சண்டை பிடிப்பவர்கள், அந்த அறையில் என்ன இருந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். பழம் இல்லாத, காற்றோட்டமான அறையை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். ஆர்க்கிட், ஆந்தூரியம் இரண்டையும் பிரிட்ஜுக்குள் வைக்கவே வேண்டாம். 10 டிகிரிக்குக் கீழே போனால் இதழ் நிறம் மாறிக் கெட்டுவிடும்.

காற்றை மறந்து அலங்காரச் சட்டம் நிறுத்துவது

வைகாசி பிற்பாதியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பொள்ளாச்சி, கோவை, பல்லடம் வரை வீசி எடுக்கும். ஆனி முகூர்த்தத்துக்குத் திறந்தவெளி அலங்காரம் செய்தால், தொங்கும் மல்லிச் சரம் ஒன்றோடொன்று பின்னிச் சிக்கிக்கொள்ளும், காற்றிலேயே காய்ந்தும் போகும். சரத்தின் அடி முனைகளை எல்லாம் ஒரே கம்பியில் கட்டுங்கள், அல்லது திரை வேலையை மண்டபத்துக்குள் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். பூ செருகும் பச்சை ஸ்பாஞ்சின் எடையும் கணக்கில் வர வேண்டும். ஒரு கட்டி முழுக்கத் தண்ணீர் குடித்தால் ஏறக்குறைய 2 கிலோ. வளைவின் உச்சியில் பத்துக் கட்டி என்றால் 20 கிலோ மேலே நிற்கிறது. கால்களில் மணல் மூட்டை இல்லாவிட்டால் காற்று சாய்த்துவிடும். ஸ்பாஞ்சைத் தண்ணீரில் அமுக்கி நனைப்பதும் தவறு. மேலே மிதக்க விட்டால் தானாக இறங்கும். அமுக்கினால் நடுவில் உலர்ந்த பகுதி நின்று, அங்கே செருகிய ரோஜாதான் முதலில் வாடும்.

சின்ன வேலைகளுக்கு ஸ்பாஞ்சே தேவையில்லை. வாழைத்தண்டை ஒரு அடித் துண்டாக வெட்டிச் செருகினால் ஈரமும் நிற்கும், பூவும் அசையாது. வெட்டிய முகத்தில் வழியும் சாறு கறையாகப் பிடிக்கும் என்பதால் மேடை விரிப்பின் மேல் வைக்குமுன் பாலித்தீன் சுற்றிவிடுங்கள்.

மாலையை அழகுக்கு மட்டும் கட்டுவது

கொங்குக் கல்யாணத்தில் சீர்கள் பல. மாப்பிள்ளையின் சகோதரி செய்யும் இணைச்சீர் உட்பட எந்தச் சீருக்கு எத்தனை மாலை, எத்தனை உதிரி, எந்நேரம் என்று சீர்களை நடத்திவைக்கும் அருமைக்காரரிடமோ வீட்டுப் பெரியவர்களிடமோ நேரில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "வழக்கம்போலதாங்க" என்று அவர்கள் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். வழக்கம் ஊருக்கு ஊர், கூட்டத்துக்குக் கூட்டம் (குலத்துக்குக் குலம்) மாறும்.

மாலை ஒன்று ஒன்றரைக் கிலோவைத் தாண்ட வேண்டாம். மணப்பெண் அதைச் சுமந்து வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறாள். பிடரியில் படும் ஆறேழு அங்குலத்துக்குப் பூ வைக்காமல் நாரின் மேல் பருத்தித் துணி சுற்றுங்கள். அந்த இடத்தில் கம்பியும் ஸ்டேப்ளர் பின்னும் கூடவே கூடாது. வாழைநாரை முன்னிரவே நனைத்து வைக்காவிட்டால் கட்டும்போது நன்றாக இருந்து, மாலை மாற்றும்போது அறுந்துவிடும். கட்டி முடித்த மாலையை அரை மணி நேரமாவது கொடியில் தொங்கவிட்டு நீர் வடியட்டும். ஈர மாலை பட்டில் தண்ணீர்த் தடம் போடும். லில்லியம் சேர்த்தால் மொட்டு விரிந்தவுடன் மகரந்தப் பைகளைக் கிள்ளி எறியுங்கள். அந்தக் காவி நிறத் தூள் பட்டுச்சேலையில் பட்டுவிட்டால் தேய்க்காமல் செலோடேப்பால் ஒற்றி எடுக்க வேண்டும், தண்ணீர் தொட்டால் கறை உள்ளே இறங்கிவிடும். சாயம் ஏற்றிய நீலப் பூக்களை மாலைக்குள் விடவே வேண்டாம்.

அரளியைக் கவனிக்காமல் விடுவது

சேலம் பக்கத்து அரளி விலை மலிவு, நிறமும் எடுப்பு. வாசல் தோரணத்துக்கு மட்டும் வையுங்கள். செடி முழுவதும் நஞ்சு. பந்தி மேசையிலும், குழந்தைகள் கைக்கு எட்டும் உயரத்திலும் கூடாது. அவிழ்க்கும்போதும் பொறுப்பு உண்டு. மண்டபத்துக்குப் பின்னால் கொட்டிய பூக்குவியலை மாடும் ஆடும் மேயும். அரளி கலந்திருந்தால் உயிருக்கே ஆபத்து. அரளிச் சரங்களை முதலில் தனியாக அவிழ்த்து, வேறு சாக்கில் கட்டி எடுத்துச் செல்லுங்கள். கம்பி, பின், நைலான் நூல் இவற்றையும் பிரித்துவிட்டு, மிச்சமிருக்கும் செண்டுமல்லியையும் சம்பங்கியையும் மட்டும் எருக்குழிக்குக் கொடுங்கள். இந்த வேலைக்கு இரண்டு ஆள், இரண்டு மணி நேரக் கூலியை முதல் நாள் விலைப்பட்டியலிலேயே சேர்த்துவிட வேண்டும்.