இன்டகிரேஷன் கோர்ஸைப் புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிஆர்எம்மையும் (வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருக்கும் மென்பொருள்) கணக்கு மென்பொருளையும் இணைப்பது, ஆன்லைன் கடைக்கு வரும் ஆர்டரை நிறுவனத்தின் மொத்த நிர்வாகத்துக்கான ஈஆர்பி மென்பொருளுக்குக் கொண்டுபோவது போன்றவற்றைச் சொல்லித்தரும் கோர்ஸ்களுக்கு ஆயுள் குறைவு. எக்செல் பாடத்தைச் சில வருடம் தொடாமல் விட்டாலும் பெரும்பகுதி ஓடும். இங்கே அப்படி முடியாது. இரண்டு நிறுவனங்களின் மென்பொருள், பல நேரம் நடுவில் மென்பொருள்களை இணைத்துத் தரும் ஸேப்பியர், மேக் (Make) மாதிரி மூன்றாவது ஒன்று. இதில் எது மாறினாலும் பாடம் நின்றுவிடும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், புதுப்பிக்கவும் செய்கிறார்கள். ஆனால் உழைப்பு பெரும்பாலும் தப்பான இடத்தில் போகிறது.

ஸ்கிரீனைப் பார்த்துப் புதுப்பிப்பது

வழக்கமாக நடப்பது இதுதான். ஒரு பக்கம் பழைய வீடியோ, இன்னொரு பக்கம் இன்றைய மென்பொருள். எந்த பட்டன் இடம் மாறியிருக்கிறது, எந்த மெனுவின் நிறம் மாறியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு, அந்தப் பகுதிகளை மட்டும் திரும்பப் பதிவு செய்வார்கள். நாள் முழுக்க வேலை செய்த திருப்தியும் கிடைக்கும். ஆனால் இடம் மாறிய பட்டனை மாணவரே தேடிக் கண்டுபிடித்துவிடுவார். அவரால் கண்டுபிடிக்க முடியாதது, ஸ்கிரீனுக்குப் பின்னால் மாறியதுதான்.

ஹப்ஸ்பாட் என்ற சிஆர்எம், தன் ஏபிஐக்கான (மென்பொருள்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வழி) பழைய கீ முறையை 2022 நவம்பர் 30-உடன் நிறுத்தியது. அதுவரை பாடங்களில் "கீயை காப்பி செய்து முகவரியின் கடைசியில் ஒட்டுங்கள்" என்று ஒரே வரியில் முடிந்துபோன விஷயம். அதன் இடத்துக்கு வந்த பிரைவேட் ஆப் முறையில் டோக்கனை (கீ மாதிரி ஓர் அனுமதிக் குறியீடு) ரிக்வெஸ்டின் ஹெடரில், அதாவது அதோடு சேர்ந்து போகும் தலைப்புத் தகவலில், அனுப்ப வேண்டும். அது சின்ன மாற்றம்தான். பெரிய மாற்றம், டோக்கன் உருவாக்கும்போதே எந்தெந்தத் தகவலைப் படிக்கலாம், எதைத் திருத்தலாம் என்று அனுமதிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பது. பழைய பாடத்தில் அனுமதி என்ற பேச்சே இல்லை. பழைய ஸ்கிரீனை எடுத்துவிட்டுப் புது ஸ்கிரீனை வைத்தால், மாணவர் எல்லாப் பெட்டியிலும் டிக் போட்டுவிட்டுப் போவார். அங்கே தேவை, "எதற்கு இத்தனை அனுமதி, எதைத் தரக்கூடாது" என்று சொல்லும் புதுப் பாடம்.

எர்ரரே காட்டாமல் மாறுவது இன்னும் மோசம். ஆன்லைன் கடை நடத்த உதவும் ஷாப்பிஃபை மூன்று மாதத்துக்கு ஒருமுறை புது ஏபிஐ பதிப்பை வெளியிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 12 மாத ஆதரவு உண்டு. அதற்குப் பிறகும் பழைய பதிப்பு எண்ணோடு கேட்டால், கதவைச் சாத்தாமல், ஆதரவில் இருக்கும் பதிப்புகளில் மிகப் பழையதை வைத்துப் பதில் அனுப்பும். வீடியோவில் இருப்பது ஒரு பதிப்பின் பதில், மாணவருக்கு வருவது வேறு பதிப்பின் பதில். நடுவில் ஒரு ஃபீல்டு காணாமல் போயிருந்தால், தான்தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். எந்தப் பதிப்பு பதில் சொன்னது என்பது அந்தப் பதிலின் ஹெடரிலேயே இருக்கும். அதைப் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் ஒரு நிமிடம், பத்து ஸ்கிரீன் மாற்றத்தைவிடப் பயன்படும்.

அதனால் புதுப்பிக்கும் வேலையை வீடியோவில் தொடங்காதீர்கள். கடைசியாகப் பதிவு செய்த தேதியிலிருந்து இன்றுவரை, இணைக்கப்படும் எல்லா மென்பொருள்களின் மாற்றப் பட்டியலையும் முதலில் படியுங்கள். லாகின் முறை, பதிப்பு, எத்தனை தடவை கேட்கலாம் என்ற வரம்பு, நிறுத்தப்பட்டவை என்ற நான்கையும் தேடினால் போதும். இன்னொரு சிஆர்எம்மான சேல்ஸ்ஃபோர்ஸ் ஏபிஐயின் 21.0 முதல் 30.0 வரையான பதிப்புகள் 2025 கோடைக்கால வெளியீட்டோடு ஓய்வு பெற்றுவிட்டன. இப்படிப்பட்ட செய்தி அந்தப் பட்டியலில் கிடைக்கும், ஸ்கிரீனில் தெரியாது.

தன் அக்கவுண்டிலேயே சோதித்துப் பார்ப்பது

பாடம் தயாரிப்பவரின் அக்கவுண்ட் சாதாரண அக்கவுண்ட் இல்லை. அட்மின் அனுமதி இருக்கும். காசு கட்டிய பிளான் இருக்கும். எப்போதோ உருவாக்கிய கஸ்டம் ஃபீல்டுகள் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேல், எப்போதோ அனுமதி கொடுத்த இணைப்பு இன்னும் உயிரோடு இருக்கும். அதனால் அனுமதி கேட்கும் ஸ்கிரீன் அவருக்கு வருவதே இல்லை. புதிதாக வரும் மாணவருக்கு முதலில் வருவதே அதுதான்.

கூகுளை வைத்து ஒரு உதாரணம். வெளி ஆட்கள் பயன்படுத்தும் வகையில் ஆப் ஒன்றைப் பதிவு செய்து அதை 'டெஸ்டிங்' நிலையிலேயே விட்டிருந்தால், ஜிமெயில், ஷீட்ஸ் போன்றவற்றுக்காக அது பெறும் ரெஃப்ரெஷ் டோக்கன் (திரும்ப அனுமதி கேட்காமல் இணைப்பைத் தொடர வைப்பது) 7 நாளில் காலாவதியாகிவிடும். பாடம் தயாரிப்பவர் ஒரே மதியத்தில் மூன்று பாடத்தையும் செய்து பார்த்துவிடுவார், எல்லாம் ஓடும். மாணவர் ஒரு சனிக்கிழமை இணைப்பைப் போட்டுவிட்டு, அடுத்த வார இறுதிக்கு அப்புறம் திரும்ப வந்தால் ஓடாது. பாடத்தில் எந்த வரியும் தப்பு இல்லை, ஆனாலும் ஓடாது.

புது மின்னஞ்சல், புது டிரையல் அக்கவுண்ட், இந்தக் கோர்ஸை இதுவரை பார்க்காத ஒருவர். இந்த மூன்றும் இல்லாமல் செய்யும் சோதனையை நான் சோதனையாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன். அவர் செய்து பார்க்கும்போது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். அதுதான் கஷ்டம். அவர் எங்கெங்கே நிற்கிறாரோ அங்கெல்லாம் பாடத்தில் ஒரு வரி குறைகிறது.

ஒட்டுப்போடுவது

"3-வது நிமிடத்தில் சொல்லும் மெனு இப்போது இல்லை" என்று வீடியோவுக்குக் கீழே ஒரு குறிப்பு போடலாம், தப்பில்லை. அப்படி மூன்று குறிப்பு சேர்ந்துவிட்டால் திரும்பப் பதிவு செய்துவிடுங்கள். வீடியோவை மாற்றியவர்கள் அதைச் சுற்றி இருப்பதை மறந்துவிடுவதும் உண்டு: சப்டைட்டில், எழுத்து வடிவம், ஏபிஐயைச் சோதித்துப் பார்க்க இறக்கிக்கொள்ளத் தந்த போஸ்ட்மேன் ஃபைல், கடைசியில் வரும் வினாக்கள். புதுப் பாடத்தை ஒழுங்காகப் படித்துவிட்டுச் சரியான விடை எழுதியவருக்கு, பழைய விடைக்குறிப்பு தப்பு என்று மார்க் போடுவதைப்போல எரிச்சல் வேறு இல்லை.

பெயர் மாற்றத்தில் ஒரு சிக்கல் உண்டு. மைக்ரோசாஃப்ட் ஃப்ளோ 2019-இல் பவர் ஆட்டோமேட் ஆனது, இன்டக்ரோமேட் 2022-இல் மேக் ஆனது, மைக்ரோசாஃப்டின் லாகின் சேவையான அஷ்யூர் ஆக்டிவ் டைரக்டரி 2023-இல் என்ட்ரா ஐடி ஆனது. பழைய பெயரைத் தேடி எல்லா இடத்திலும் புதுப் பெயரைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் என்ட்ராவில் லாகின் தோற்றால் வரும் எர்ரர் குறியீடு இன்னும் 'ஏஏடிஎஸ்டிஎஸ்' என்றுதான் தொடங்குகிறது. மாணவரின் அலுவலகத்தில் இருக்கும் பழைய ஆவணங்களிலும் பழைய பெயர்தான். முதல்முறை வரும் இடத்திலாவது இரண்டு பெயரையும் சொல்லிவிடுங்கள்.

படித்துக்கொண்டிருப்பவர்களை மறப்பது

பாதி முடித்த மாணவர்கள் உள்ளே இருக்கும்போதே கோர்ஸ் ஃபைலை மாற்றுவது ஆபத்து. ஆன்லைன் கோர்ஸ்களுக்கான பொது வடிவமான ஸ்கார்ம் முறையில், ஒரு மாணவர் எங்கே நிறுத்தினார் என்ற தகவல், கோர்ஸை நடத்தும் எல்எம்எஸ் மென்பொருளில் இருக்கும். அதை எழுதுவதும் படிப்பதும் கோர்ஸ் ஃபைல்தான். நடுவில் இரண்டு ஸ்லைடை எடுத்துவிட்டு அதே இடத்தில் புது ஃபைலை ஏற்றினால், அந்தத் தகவல் வேறு ஸ்லைடைக் காட்டும். சில சமயம் கோர்ஸ் 'முடிந்தது' என்றே ஆகாது. ஸ்கார்ம் 1.2-இல் இந்தத் தகவலுக்கு ஒதுக்கிய இடம் 4,096 எழுத்துகள்தான். புதுப்பிக்கிறேன் என்று ஸ்லைடும் வினாவும் சேர்த்துக்கொண்டே போனால் அந்த இடம் நிரம்பி, விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியே போய்விடலாம். புதியதைத் தனிப் பதிப்பாக ஏற்றி, புதிதாகச் சேர்பவர்களை மட்டும் அதில் விடுங்கள். பழைய பாடம் பாதுகாப்பில் தப்பான பழக்கத்தைச் சொல்லித்தருகிறது என்றால் மட்டும் காத்திருக்கக் கூடாது, உடனே மாற்றிவிட்டு எல்லோருக்கும் தகவல் சொல்லிவிட வேண்டும்.

பாதுகாப்பு என்றதும் இன்னொன்று. பதிவு செய்யும்போது ஸ்கிரீனில் தெரிந்த ஏபிஐ கீயை மங்கலாக்கினால் போதாது. ஒரு நொடி தப்பியிருக்கலாம். பதிவு முடிந்ததும் அந்தக் கீயையே ரத்து செய்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக நடப்பதை மட்டும் காட்டுவது

புதுப்பிக்கும்போது புதிதாக ஒரே ஒரு பாடம் சேர்க்கத்தான் நேரம் இருக்கிறது என்றால், இப்போது எல்லோரும் ஒட்டவைக்கும் ஏஐ அத்தியாயத்தை நான் எடுக்க மாட்டேன். இணைப்பு தோற்கும்போது என்ன செய்வது என்ற பாடத்தைத்தான் எடுப்பேன். ஒரே வெப்ஹூக் (ஏதாவது நடந்ததும் ஒரு மென்பொருள் தானாக இன்னொன்றுக்கு அனுப்பும் தகவல்) இரண்டு தடவை வரலாம், வரிசை மாறியும் வரலாம் என்று ஆன்லைன் பணம் வாங்கித்தரும் ஸ்ட்ரைப் தன் ஆவணத்திலேயே சொல்கிறது. கோர்ஸில் கற்றபடி செய்தவர் அதைக் கவனிக்காவிட்டால், ஒரே பணத்துக்கு இரண்டு இன்வாய்ஸ் போய் நிற்கும். வந்த நிகழ்வின் ஐடியைச் சேமித்து வைத்து, அதே ஐடி திரும்ப வந்தால் விட்டுவிட வேண்டும் என்பது பத்து நிமிடப் பாடம். அப்புறம் 429. வரம்பைத் தாண்டிக் கேட்டால் வரும் எண் அது. எவ்வளவு நேரம் கழித்துக் கேட்கலாம் என்ற ஹெடரும் கூடவே வந்தால் அதன்படி காத்திருக்க வேண்டும். உடனே திரும்பத் திரும்பக் கேட்பது நிலைமையைக் கெடுக்கும். இதை வாயால் சொல்லாமல், வேண்டுமென்றே வரம்பைத் தாண்டி, எர்ரரை வரவழைத்துக் காட்டுங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு பாடத்தின் தலைப்பிலும் அது சோதிக்கப்பட்ட தேதியையும் ஏபிஐ பதிப்பையும் போட்டுவிடுங்கள். கோர்ஸின் முகப்பில் "சமீபத்தில் புதுப்பிக்கப்பட்டது" என்று மொத்தமாகப் போடுவதில் மாணவருக்கு ஒரு பயனும் இல்லை. தேதி பாடத்தோடு இருந்தால், அடுத்த முறை எதிலிருந்து தொடங்குவது என்று உங்களுக்கும் தெரியும்.