பழைய தோரன்ஸை மேம்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1972-இல் வெளிவந்த தோரன்ஸ் டிடி 160 போன்ற பழைய டர்ன்டேபிள் (இசைத்தட்டைச் சுழற்றி ஒலிக்கும் கருவி) ஒன்று கைக்கு வந்ததும் பலரும் முதலில் தேடுவது விலையுயர்ந்த கார்ட்ரிட்ஜைத்தான், அதாவது ஊசியின் அசைவை மின் சைகையாக்கும் சிறு பாகத்தைத்தான். இங்கேயே தவறு தொடங்குகிறது. தளர்ந்த பெல்ட்டும் வறண்ட பேரிங்கும் உள்ள கருவியில் நல்ல ஊசியைப் பொருத்தினால், அந்தக் குறைகள்தாம் முன்னைவிடத் தெளிவாகக் கேட்கும். ஆகவே பெல்ட்டை மாற்றி, அது ஓடும் உள்தட்டையும் மோட்டாரின் புல்லியையும் (பெல்ட்டை இழுக்கும் சிறு உருளை) ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பேரிங்கின் பழைய எண்ணெயை நீக்கிப் புதிது விட்ட பிறகே அடுத்த செலவை யோசிக்க வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட கருவி என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 230 வோல்ட்டை 110 ஆக்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். ஆனால் இந்த மோட்டாரின் வேகம் மின்னழுத்தத்தைப் பொறுத்ததன்று, மின்சாரத்தின் அலைவெண்ணைப் பொறுத்தது. 60 ஹெர்ட்ஸுக்குரிய புல்லி நம் 50 ஹெர்ட்ஸில் சுழலும்போது வேகம் ஆறில் ஒரு பங்கு குறைந்து, நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்பது 28-க்கும் கீழே போய்விடும். ஐந்து கட்டையில் பாடியவர் ஏறத்தாழ மூன்று கட்டையில் பாடுவதுபோல் ஒலிப்பார். 50 ஹெர்ட்ஸ் புல்லியை வாங்கி மாட்டுவதே இதற்கு எளிய வழி.

சுழல்தட்டையும், கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையையும் சேர்த்துத் தாங்கும் உட்சட்டம் மூன்று ஸ்பிரிங்குகளில் மிதக்கிறது. அதிர்வைத் தடுப்பதாக எண்ணி அடியில் ஸ்பாஞ்சைத் திணிப்பதும், இசைத்தட்டின் மேல் கனமான எடையை வைப்பதும் அந்த அமைப்பையே கெடுத்துவிடும். சுழல்தட்டை மெல்ல அழுத்தி விட்டால் அது பக்கவாட்டில் ஆடாமல் மேலும் கீழுமாக மட்டுமே அசைய வேண்டும். அதுவரை ஸ்பிரிங்குகளைத் திருகிச் சரிசெய்யலாம். மரப்பெட்டிக்கு மெருகேற்றுவது கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான்.

கார்ட்ரிட்ஜுக்கு வந்தால், புகழை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. டெனான் டிஎல்-103 அருமையானதுதான்; ஆனால் அதன் ஊசித்தண்டு விறைப்பானது, கனமான கையையே கேட்கும். மேலும் அது தருவது 0.3 மில்லிவோல்ட் மட்டுமே என்பதால், 5 மில்லிவோல்ட் அளவை எதிர்பார்க்கும் ஆம்ப்ளிஃபையரின் சாதாரண ஃபோனோ உள்ளீட்டில் (டர்ன்டேபிளை இணைக்கும் இடம்) ஒலி மிகத் தாழ்ந்தே வரும். எந்தக் கார்ட்ரிட்ஜானாலும், இசைத்தட்டு தேயாமலிருக்கட்டும் என்று ஊசியின் அழுத்தத்தைக் குறைப்பவர்களும் ஏமாறுகிறார்கள். ஆர்டோஃபோன் 2எம் ரெட் என்ற கார்ட்ரிட்ஜுக்கு 1.8 கிராம் என்று சொல்லியிருக்க, 1.2-இல் ஓட்டினால் உரத்த பகுதிகளில் ஊசி பள்ளத்தின் சுவரை விட்டு எழும்பி மீண்டும் மோதும். இசைத்தட்டைக் கெடுப்பது பெரும்பாலும் அந்த மோதல்தான்.